இருபது லட்சம் ஓடிய ஓட்டம்

2022 தைப்பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் மேசன் பாஸ் திருகோணமலையில் எங்கள் உப்புவெளி வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்று, அங்குமிங்கும் நாடா பிடித்து அளந்துவிட்டு, சிகரெட் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுத் தந்தார். மேலே இரண்டு அறை, ஒரு குளியலறை, வெளியே படிக்கட்டு. எல்லாம் சேர்த்து 17 லட்சத்து 50 ஆயிரம். கையில் 20 லட்சம் இருந்தது. நிலாவெளியில் அப்பா விட்டுப்போன காணியை விற்றதில் என் பங்கு அது. அறைகளைக் கட்டி, சீசனுக்கு வருகிற வெள்ளைக்காரருக்கோ, இடமாற்றத்தில் வருகிற ஆசிரியருக்கோ வாடகைக்கு விடலாம் என்பது திட்டம்.

அந்த நேரம் சீமெந்துக்குத் தட்டுப்பாடு. கடைக்காரர் தெரிந்தவருக்கு இரண்டு பை, தெரியாதவருக்கு இல்லை என்கிற நிலை. "சீமெந்து கொஞ்சம் இறங்கட்டும் பாஸ், பிறகு தொடங்குவம்" என்று சொல்லிவிட்டு, காசைக் கொண்டுபோய் வங்கியில் நிலையான வைப்பில் போட்டேன். எங்கள் பேச்சில் பிக்ஸட். இரண்டு வருடம், 7 சதவீதம். ஒரு வருடத்துக்கு 6 சதவீதம்தான் தருவார்கள், இரண்டு வருடம் என்றால் ஒன்று கூட என்பதால் இரண்டு வருடம்.

நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவள். பணவீக்கம் என்றால் என்ன, மத்திய வங்கி வட்டியை எதற்கு ஏற்றுகிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள். மற்றவர்கள் செய்தால் பரவாயில்லை, நான் செய்ததுதான் வெட்கம்.

அதற்குப் பிறகு வந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. மார்ச் முதல் வாரம் ரூபாயின் பெறுமதியைப் பிடித்து வைத்திருந்த கையை இலங்கை மத்திய வங்கி விட்டது. 200 சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாய்க்கு வாங்கிய 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரல் கடைசியில் 4,860. விலை ஒரு பக்கம், சிலிண்டர் கிடைக்காதது இன்னொரு பக்கம். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டிகளை (வங்கிகளிடம் வைப்பு வாங்கும் வட்டியையும் அவற்றுக்குக் கடன் கொடுக்கும் வட்டியையும்) ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றி 13.5, 14.5 ஆக்கியது. 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தி வைக்கிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது.

இனி எல்லா வட்டியும் ஏறும் என்று ஏப்ரல் 8ஆம் திகதி இரவே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவும் செய்தது. பிக்ஸட்டை உடைக்க வேண்டும் என்று கொப்பியில் எழுதியும் வைத்தேன். சித்திரை வருடப்பிறப்பு வந்தது, பிறகு மகளுக்குக் காய்ச்சல், பிறகு மே மாதம். மே இரண்டாம் வாரம் போகலாம் என்று நினைத்திருந்தபோது நாடு முழுக்க ஊரடங்கு. பதவி விலகிய பிரதமர் எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்கு வந்துவிட்டார் என்று வாசலில் சனம் கூடி நின்றது. திருகோணமலையை நாடே திரும்பிப் பார்த்த அந்தக் கிழமையில் நான் என் பிக்ஸட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. அதன்பிறகு பெற்றோல் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. போக முடியாததற்குக் காரணம் எப்போதும் ஒன்று இருந்தது.

செப்டெம்பரில்தான் போனேன்.

அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிக்ஸட்டை உடைக்கலாமா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்கள் எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான்.

கவுண்டரில் இருந்தவன் எங்கள் பள்ளிக்கூடத்துப் பொடியன்தான். நான் படிப்பித்த பிள்ளை இல்லை, பக்கத்து வகுப்பு. "டீச்சர், இப்ப உடைச்சா நட்டம். எட்டு மாச வட்டி போயிடும். சேமிப்புக் கணக்கு வட்டிதான் தருவினம்" என்றான். கல்குலேட்டரில் தட்டி, திருப்பி எனக்குக் காட்டினான். எட்டு மாதத்துக்கு 7 சதவீதப்படி வர வேண்டியது 93,000 சொச்சம். உடைத்தால் கிடைப்பது 40,000. "53,000 ரூபாய் நட்டம் டீச்சர்."

53,000 என்ற எண் கல்குலேட்டரில் பெரிதாகத் தெரிகிறது. கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு என் பைக்குள் இருந்த சீ.ஆர். கொப்பியை எடுத்து, அங்கேயே நின்றபடி இரண்டு நிரல் போட்டேன். இடப்பக்கம்: உடைக்காமல் விட்டால் 2024 ஜனவரியில் 22 லட்சத்து 80 ஆயிரம். வலப்பக்கம்: உடைத்தால் இன்று கையில் 20 லட்சத்து 40 ஆயிரம், அதை அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரமான 364 நாள் திறைசேரி உண்டியலில் போட்டால், அன்றைய 29 சதவீதப்படி 2023 செப்டெம்பரில் 26 லட்சத்து 30 ஆயிரம். நான்கு மாதம் முந்தி, மூன்றரை லட்சம் கூட.

கொப்பியைத் திருப்பி அவனுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "படிவம் தாறன் டீச்சர்" என்றான். போகும்போது மெதுவாக, "என்ர அம்மாவின்ர பிக்ஸட்டும் இருக்கு" என்றான்.

உடைக்கும்போது இழப்பதைத்தான் வங்கி சொல்லும். உடைக்காமல் இருந்தால் இழப்பதை நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தப் பொடியனில் பிழை இல்லை. அவனுடைய திரையில் இடப்பக்க நிரல் மட்டும்தான் இருந்தது.

அதே கணக்கை ஏப்ரலில் செய்திருந்தால்? அப்போதே மூன்று மாத உண்டியல் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. என் ஐந்து மாதத் தயக்கத்தின் விலை, கூட்டுவட்டி சேர்க்காமலே ஒன்றரை லட்சத்துக்கு மேல். வங்கி பிடித்த 53,000க்காக யோசித்தவள், அதைப்போல மூன்று மடங்கை வீட்டில் சும்மா இருந்தே தொலைத்திருக்கிறேன்.

திறைசேரி உண்டியல் என்றால் அது கொழும்பில் இருக்கிற பெரிய ஆட்களுக்கான சங்கதி என்றுதான் எங்கள் பக்கத்தில் பலர் நினைத்திருந்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அரசாங்கம் நம்மிடம் குறுங்காலக் கடன் வாங்குகிறது, அவ்வளவுதான். 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று தவணை. புதன்கிழமைகளில் மத்திய வங்கி ஏலம் விடும். வட்டியைத் தனியாகத் தருவதில்லை. 100 ரூபாய் உண்டியலை 77 ரூபாய் சொச்சத்துக்கு விற்று, முதிர்வு நாளில் 100 தருவார்கள். முதனிலை வணிகர் எனப்படும் நிறுவனங்கள் வழியாக வாங்க வேண்டும். சில வங்கிகளே முதனிலை வணிகர்கள். அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கணக்கு விவரம், ஒரு படிவம். உப்புவெளியிலிருந்து ஓட்டோவில் போய் முடித்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்கச் சொல்வேன். உண்டியல் உங்கள் சொந்தப் பெயரில் மத்திய வங்கியின் லங்காசெக்யூர் பதிவில் விழ வேண்டும். "உங்கட காசை நாங்கள் திறைசேரியிலதான் போடுறம், நாங்கள் வட்டி தாறம்" என்று ஒரு நிறுவனம் சொன்னால் அது வேறு. அப்போது உங்களுக்குக் காசு திருப்பித் தர வேண்டியது அரசாங்கம் இல்லை, அந்த நிறுவனம். பெயர் மட்டும் திறைசேரி.

இனி, ஆசிரியர் ஓய்வறையில் நடந்த ஒரு வாக்குவாதம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம்.

செப்டெம்பர் 2022இல் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருட்களுக்கு மட்டும் பார்த்தால் 94.9. எங்களோடு கணிதம் படிப்பிக்கிற சேர் சிரித்தார். "29 வீத வட்டியாம், 70 வீதம் பணவீக்கமாம். வருசத்துக்கு 41 வீதம் நட்டம். இதுக்கு நீங்கள் வங்கிக்கு வேற ஓடுறியள். பேசாம சாமான் வாங்கி அடுக்குங்கோ." நான் பேசாமல் இருந்தேன். கழித்தல் சரிதானே என்று எனக்கும் பட்டது.

கழித்தல் சரி, கழித்த எண்கள்தான் பிழை. 69.8 என்பது 2021 செப்டெம்பரிலிருந்து 2022 செப்டெம்பர் வரை விலை ஏறியது. அது நாங்கள் நடந்து முடித்த பாதை. அந்த அடி என் 20 லட்சத்தில் ஏற்கெனவே விழுந்தாயிற்று, உடைத்தாலும் விழுந்ததுதான், உடைக்காவிட்டாலும் விழுந்ததுதான். 29 என்பது இனி வரப்போகிற 364 நாளுக்கானது. அதை ஒப்பிட வேண்டியது அடுத்த வருடப் பணவீக்கத்தோடு. அது என்னவென்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 2023 செப்டெம்பரில் தெரிந்தது: 1.3 சதவீதம்.

அதாவது கணிதச் சேர் நட்டம் என்று சிரித்த அந்த வருடம்தான், என் வாழ்நாளில் காசு உண்மையாக மிகக் கூடப் பெருகிய வருடம். பணவீக்கம் தலைப்புச் செய்தியாக வந்து எல்லாரும் பயந்து நின்ற மாதத்தில்தான் நல்ல வட்டி கிடைத்தது. அதற்கு முந்திய எட்டு மாதத்தில், வட்டி 7ஆக அமைதியாக இருந்தபோதுதான் காசு உருகிப்போனது. இப்போது இந்தப் பாடத்தை எடுக்கும்போது பாதி வகுப்பு நேரத்தை இதற்கே கொடுக்கிறேன். பரீட்சைக்கு வராது என்று பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள்.

சேர் சொன்னபடி சாமான் வாங்கி அடுக்கினவர் ஒருவரும் எங்கள் குடும்பத்தில் இருந்தார், ஆனால் நேரத்தோடு. என் அக்காவின் புருஷன். திருக்கடலூரில் வள்ளம் வைத்திருக்கிறார். 2022 மாசியில், டொலர் இன்னும் 200இல் நிற்கும்போது, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நன்றாக இருக்கும்போதே இரண்டாவது எஞ்சின் ஒன்றும் வலையும் வாங்கினார். "அத்தான், உள்ள எஞ்சினே போதாதோ?" என்று நான்தான் கேட்டேன். "சாமான் வராமப் போகப்போகுது பிள்ளை, கொழும்புக் கடைக்காரன் குரலில தெரியுது" என்றார். பொருளாதாரம் படித்தவள் நான், கடைக்காரர் குரலைக் கேட்டவர் அவர்.

ஆனால் அவருடைய கதையும் நேராகப் போகவில்லை. ஓகஸ்ட் 2022இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. பல நாட்கள் கடலுக்குப் போய் வந்தால் எண்ணெய்க் காசுகூடத் தேறாது என்று வள்ளத்தைக் கரையிலேயே ஏற்றி வைத்தார். இரண்டு எஞ்சினும் சாக்கு மூடிக் கிடந்தன. சோற்றுக்கு அக்காவின் நகை போனது.

2023இல் அந்த இரண்டாவது எஞ்சினை, பெட்டி பிரிக்காததை, வாங்கிய விலையைப்போல இரண்டு மடங்குக்குக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் நெருக்கடியை வென்ற ஒரே முதலீடு ஒரு வள்ள எஞ்சின். ஆனால் விற்கும்வரை அது சோறு போடவில்லை என்பதையும் அக்கா சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை.

அக்காவின் நகைக் கதை இன்னும் நுணுக்கமானது. தங்கம் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மைதான், உலகச் சந்தையிலும் தங்கம் ஏறியது, ரூபாயும் விழுந்தது. 2021 கடைசியில் இருந்த பவுண் விலை இன்றைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் தங்கத்தை வைத்திருப்பதும் அடகுச் சீட்டை வைத்திருப்பதும் ஒன்றில்லை. அக்கா 2022 ஆனியில் 5 பவுண் அடகு வைத்தார். சீட்டுகளை ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் சுருட்டிப் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அடகு வட்டியும் அப்போது வருடத்துக்கு 20ஐத் தாண்டியிருந்தது. மாதா மாதம் வட்டி கட்ட முடியாமல், தவணை முடிய, கடிதம் வந்தது. இரண்டாம் கடிதம் வந்த அன்றுதான் எனக்கே சொன்னார்.

ஏலத்துக்குப் போக விட்டிருந்தால் 5 பவுணும் போயிருக்கும். நாங்கள் செய்தது இதுதான்: ஒரு சங்கிலியை மட்டும் கடன் வாங்கி மீட்டு, அன்றைய விலைக்கு நகைக் கடையில் விற்று, அந்தக் காசில் மீதியை மீட்டோம். அடகுக் கடன் நகையின் விலையில் சிறு பங்காக இருந்ததால்தான் இது நடந்தது. நான்கு பவுணுக்குக் கொஞ்சம் குறைய மிஞ்சியது. அடகு நகைக்குத் தவணை முடிகிறது என்றால், வட்டிக்கு வட்டி கட்டி எல்லாவற்றையும் இழுப்பதைவிட ஒன்றை விற்று மற்றதைக் காப்பாற்றுவது நல்லது. தாலிக்கொடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று அக்கா சொல்வார். அது சரி.

தம்பி கொழும்பில் வேலை. பங்குச் சந்தையில் 2022 ஜனவரியில் இறங்கினான், சுட்டெண் 13,000ஐத் தாண்டி உச்சியில் நின்ற நேரம். தன் காசு 4 லட்சம், தரகர் கொடுத்த கடன் இன்னும் கொஞ்சம். ஏப்ரலில் சந்தையை ஒரு கிழமை மூடினார்கள். திறந்தபோது சுட்டெண் 8,000ஐ நோக்கி விழுந்தது. கடன் கொடுத்தவர்கள் காசு கேட்டார்கள், விற்றான். கையில் மிஞ்சியது 1 லட்சத்துச் சொச்சம். அதே பங்குகளை, அதே மாதத்தில், தன் சொந்தக் காசில் மட்டும் வாங்கி வைத்திருந்த அவன் நண்பன் ஒன்றும் செய்யவில்லை. செயலியை போனிலிருந்து அழித்துவிட்டானாம். பழைய உச்சியைச் சந்தை மீண்டும் தொட 2024 கடைசி ஆனது. 2025 ஓகஸ்டில் 20,000ஐக் கடந்தது. தம்பி இன்றைக்கும் சந்தையைத்தான் திட்டுகிறான். அவனை விழுத்தியது கடன்.

பக்கத்து வளவு அண்ணர் ஒருவர் போன் செயலி ஒன்றில் போட்டார், நாளுக்கு நாள் லாபம், ஆள் சேர்த்தால் இன்னும் லாபம். போட்டதும் போய், சேர்த்த சொந்தக்காரரோடு பேச்சும் போனது. இலங்கையில் பிரமிட் திட்டத்தை நடத்துவது மட்டுமில்லை, அதில் ஆள் சேர்ப்பதும் வங்கிச் சட்டப்படி குற்றம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

2023 ஆனி கடைசியில் எனக்கு வந்த பயத்தையும் சொல்ல வேண்டும். உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. வியாழன் ஹஜ் பெருநாள், வெள்ளி விசேட வங்கி விடுமுறை, சனி, ஞாயிறு, திங்கள் போயா. ஐந்து நாள் வங்கி இல்லை. என்னுடைய உண்டியல் முதிர இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. "அரசாங்கத்துக்கே கடன் குடுத்திட்டு இருக்கிறாய், அவங்கள் தாற காசை வெட்டினா?" என்று இவர், என் கணவர், கேட்டார். கிண்ணியாவில் என்னோடு படிப்பிக்கிற தோழி வீட்டிலிருந்து பெருநாள் சாப்பாடு வந்தது. வட்டிலாப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ருசி தெரியாமல் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன்.

வங்கி வைப்புகளையும் தனியாட்களின் உண்டியல்களையும் தொடவில்லை. தொட்டது எதை? ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரங்களை. அவற்றை வாங்கிக்கொண்டு, 2025 வரை 12 சதவீதமும் அதற்குப் பிறகு 9 சதவீதமும் தரும் புதிய முறிகளைக் கொடுத்தார்கள். சீனக்குடாப் பக்கம் தனியார் வேலையில் இருக்கிற இவருக்கு இருபது வருடச் சேமலாபம் அந்த நிதியத்தில்தான். பணவீக்கம் 70ஐ எட்டிய 2022க்கு நிதியம் அறிவித்த வட்டி 9 சதவீதம், 2023க்கு 13. என் காசைப் பற்றி பயந்தவரின் காசில்தான் கை வைத்தார்கள். எங்கள் வீட்டில் மிகப் பெரிய முதலீட்டாளர் இவர்தான் என்பதும், அந்தக் காசை அவரால் உடைக்கவோ நகர்த்தவோ முடியாது என்பதும் அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் உறைத்தது.

2022 கடைசியில் நீண்டகாலத் திறைசேரி முறிகளும் 25 சதவீதத்துக்கு மேல் போயிருந்தன. அப்போது ஐந்து வருட முறி ஒன்றை வாங்கித் தைரியமாக உட்கார்ந்தவர்கள்தான் உண்மையில் வென்றார்கள். நீங்கள் ஏன் வாங்கவில்லை என்று மாணவி ஒருத்தி கேட்டாள். பயம்தான். அந்தப் பயம் பிழை என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வெட்டியிருக்கலாம், வெட்டவில்லை. முடிவு தெரிந்த பிறகு தைரியம் எல்லாருக்கும் வரும்.

உவர்மலையில் இருக்கிற பெரியம்மாவை நினைத்தால்தான் மனம் கேட்பதில்லை. ஓய்வுபெற்ற தாதி. முதியோருக்கு 15 லட்சம் வரைக்கும் 15 சதவீதம் தரும் விசேட வைப்பில் மாதம் 18,750 ரூபாய் வந்துகொண்டிருந்தது. 2022 ஒக்டோபரோடு அந்தத் திட்டம் நின்றது. ஆனால் சந்தை வட்டியே 20ஐத் தாண்டியிருந்ததால் ஒரு வருடத்துக்குப் போட்டு மாதம் 25,000 வாங்கினார். "கஷ்ட காலத்திலதான் எனக்கு வருமானம் கூடினது" என்று சிரித்தார். ஐந்து வருடத்துக்குப் போடச் சொன்னோம். நீண்ட தவணைக்கு வட்டி குறைவு, 15 சொச்சம்தான் என்று சொல்லி மறுத்தார். வழமைக்கு மாறாக அப்போது குறுந்தவணைக்குத்தான் வட்டி கூட. அப்படித் தலைகீழாக இருந்தால், இந்த வட்டி நிலைக்காது என்று சந்தை நினைக்கிறது என்று பொருள். 2024 கடைசியில் பெரியம்மாவின் வைப்பு 8 சதவீதத்துக்கு வந்தது. மாதம் 10,000. மருந்து விலை அப்படியேதான் இருந்தது. பணவீக்கம் 1.3க்கு இறங்கியது என்றால் விலை இறங்கியது என்று அர்த்தமில்லை, ஏறுவது கிட்டத்தட்ட நின்றது என்றுதான் அர்த்தம் என்பதைப் பெரியம்மாவுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு பெரிது. "அப்ப ஏன் இறங்கினது எண்டு சொல்லுறாங்கள்?" என்பார். நியாயமான கேள்வி.

என் பக்கம், 2023 செப்டெம்பரில் முதிர்ந்த 26 லட்சத்தை மூன்றாகப் பிரித்தேன். ஒரு பங்கு மூன்று மாதம், ஒரு பங்கு ஆறு மாதம், ஒரு பங்கு ஒரு வருடம். ஒன்று முதிரும்போது அன்றைய தேவையையும் வட்டியையும் பார்த்து மறுபடி போடுவது. வட்டி இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் இப்படிச் செய்ததால் எனக்குக் கொஞ்சம் நட்டம்தான். எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குப் போட்டிருந்தால் கூட வந்திருக்கும். ஆனால் இரண்டு வருடத்துக்குப் பூட்டிவிட்டு முழிசிக்கொண்டிருந்த 2022ஐ மறக்க முடியவில்லை.

வைப்பு வைக்கப் போகிற அன்றே, இடையில் உடைத்தால் என்ன தருவீர்கள் என்று கேட்டு, பதிலைப் பத்திரத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறேன். இலங்கையில் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் வரைக்கும்தான். அதனால் நிதி நிறுவனம் எதிலும் அதற்கு மேல் போடுவதில்லை. ஒன்றரை வீதம் கூடத் தருகிறார்கள் என்றாலும். வட்டியில் பிடிக்கிற வரி 2023இல் 5 சதவீதமாக இருந்தது, 2025 ஏப்ரலிலிருந்து 10. வருடத்துக்கு 18 லட்சத்துக்குள் வருமானம் உள்ளவர்கள் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் அதைப் பிடிக்க மாட்டார்கள். பெரியம்மாவுக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். வங்கியில் யாரும் தாமாகச் சொல்லவில்லை.

சரி, கடைசியில் என்ன ஆயிற்று?

2025 செப்டெம்பரில் என் 20 லட்சம் 31 லட்சத்து 80 ஆயிரம். கேட்பவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். நான் சீ.ஆர். கொப்பியின் மற்றப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவேன். அரிசி, பால்மா, காஸ், மீன், மின்சாரம், மகளின் வகுப்புக் காசு என்று எங்கள் வீட்டுக்கு மாதம் போகும் அதே சாமான், அதே அளவு. 2022 ஜனவரி 21,600 ரூபாய். 2025 செப்டெம்பர் 37,900. அந்தக் கணக்கில் என் 20 லட்சம் 35 லட்சமாகியிருந்தால்தான் நின்ற இடத்தில் நின்றிருக்கும். மூன்று லட்சத்துக்கு மேல் பின்னால் நிற்கிறேன். அதில் பாதி அந்த ஐந்து மாதத் தயக்கம்.

போன கிழமை மேசன் பாஸைக் கூப்பிட்டேன். தலை நரைத்துவிட்டது, மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதே மொட்டைமாடி, அதே நாடா. இந்த முறை கணக்கைப் போனில் போட்டார். இரண்டு அறை, ஒரு குளியலறை, படிக்கட்டு: 30 லட்சம். நான் உள்ளே போய்ப் பழைய சிகரெட் அட்டையை எடுத்துவந்து காட்டினேன். வாங்கிப் பார்த்து, தன் கையெழுத்துத்தானா என்று மகனிடம் கேட்டார்.

"அண்டைக்கே தொடங்கியிருக்கலாம் டீச்சர்" என்றார்.

"சீமெந்து இல்லையே பாஸ்."

"எனக்குத் தந்திருப்பாங்கள்" என்றார், நாடாவைச் சுருட்டியபடி.

மூன்று மாத உண்டியல் அடுத்த வெள்ளி முதிர்கிறது. அத்திவாரம் ஏற்கெனவே இருப்பதால் முதலில் கம்பியும் கல்லும் போதுமாம். முதிர்கிற காசை இந்த முறை மறுபடி போட வேண்டாம் என்று வங்கிக்குச் சொல்லிவிட்டேன்.